ஒரு கப்பலும் இரு சமோவாக்களும்

கொள்ளைநோய் எதனையும் அரபு நூலோர் 'வபா' என்பர். அவற்றுள் பிளேக் நோயைத் 'தாஊன்' எனப் பிரித்துரைப்பர். இன்புளுயென்சா என்னும் சளிக்காய்ச்சலும் வபா வகையினதே. ஆண்டுதோறும் வந்து போவதால் இதனை நாம் எளிதாய் எண்ணிவிடுகிறோம். ஆனால், இதன் கிருமி வடிவு மாறிப் புதிதாய்த் தோன்றுங்கால், அதனை முன்னர் அறியாத நம் உடலில் எதிர்க்கும் ஆற்றல் குன்றியிருக்கும். அதன் விளைவை 1918ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டிற்று.

முதல் உலகப்போரின் இறுதியில் பரவிய அக்காய்ச்சலால் சுமார் 5 கோடிப் பேர் மாண்டனர் என மதிப்பிடுவர். பம்பாயில் கால் வைத்து, இருப்புப்பாதை வழியே உள்நாடு புகுந்து, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை அது கொண்டு சென்றது. எனினும், அவ்வாண்டின் படிப்பினையைத் தெளிவாய் உரைப்பன பசிபிக் பெருங்கடலில் அண்டை நிலங்களாய் அமைந்த இரு சமோவாக்களே.

மேற்குச் சமோவா அன்று நியூசிலாந்தின் ஆட்சியில் இருந்தது. 1918 நவம்பர் 7ஆம் நாள், ஆக்லாந்திலிருந்து புறப்பட்ட 'தலூன்' என்னும் கப்பல் அபியாத் துறைமுகம் வந்தது. நோயுற்றோர் அதில் இருந்தும் பயணிகள் இறங்க விடப்பட்டனர். சில வாரங்களில் சுமார் 8,500 பேர் மாண்டனர்; மக்கள் தொகையில் அது ஐந்தில் ஒரு பங்கிற்கும் மேல். 2002இல் நியூசிலாந்து அரசு இதற்காகச் சமோவா மக்களிடம் மன்னிப்புக் கோரிற்று.

கிழக்கேயுள்ள அமெரிக்கச் சமோவாவின் ஆளுநர் ஜான் பாயரோ, வந்த கப்பல்களைத் தடுத்து நிறுத்திக் கடுங்காவல் விதித்தார். தீவு மக்களே கரையோரம் காவல் நின்றனர். அங்கே அக்காய்ச்சலுக்கு ஓர் உயிரும் பலியாகவில்லை.

பாயரிடம் மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. மனிதரைத் தாக்கும் அக்கிருமி பிரித்தறியப்பட்டதே 1933இல்தான். காரணம் அறியாத நாளிலும் காவல் பயன் தந்தது. உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சிக் காலத்தில் (கி.பி. 634-644), ஷாம் நாட்டில் தாஊன் பரவியதைக் கேட்டு, தோழர்களோடு கலந்தாய்ந்து, 'ஸர்ஃ' என்னுமிடத்திலிருந்தே திரும்பிய வரலாறு நாம் அறிந்ததே. விதியில் நம்பிக்கையும் முன்னெச்சரிக்கையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இன்று நாம் அறிந்தவை மிகுதி. இருமல், தும்மலின் நீர்த்துளிகளாலும், அவை பட்ட கைகளாலும் இந்நோய் பரவுகிறது. நோய்க்குறி தோன்றுவதற்கு ஒருநாள் முன்பே பிறர்க்குத் தொற்றவும் கூடும். 2009இல் புதிய எச்1என்1 கிருமி பரவியபோது சில மாதங்களிலேயே தடுப்பூசி வந்தது. அச்சில மாதங்கள் வரை நம்மைக் காப்பவை பழைய முறைகளே. காய்ச்சல் கண்டவர் தனித்திருக்க வேண்டும். வாயும் மூக்கும் மூடி இரும வேண்டும். வீட்டார் சோப்பிட்டுக் கை கழுவுவதும், காற்றோட்டத்திற்குச் சன்னல்களைத் திறந்து வைப்பதும் நலம். முதியோர், கருவுற்ற பெண்டிர், கைக்குழந்தைகள் ஆகியோருக்குக் காய்ச்சல் கண்டாலும், எவருக்கேனும் மூச்சுத் திணறினாலும் மருத்துவரிடம் செல்லத் தாமதித்தல் கூடாது.

நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வது நம் குடும்பங்களின் நல்வழக்கம். தொற்றுப் பரவும் நாள்களில் வாசலில் நின்றே நலம் கேட்டு, கஞ்சியைப் படியில் வைத்துத் திரும்புவதும் அவ்வன்பின் ஒரு பகுதியே என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லி வைப்போமாக.