கிங்ஸ்டனுக்குப் போன கேசியோ
ஜப்பானின் கேசியோ நிறுவனம் 1981இல் எம்டி-40 என்ற சிறிய கீபோர்டை விற்பனைக்கு விட்டது. பேட்டரியிலும் ஓடும். 37 கட்டைகள், அவற்றின் இடப்பக்கம் பாஸுக்கென்று 15 குட்டிக் கட்டைகள். தானாக ஓடும் தாளங்களும் உள்ளே உண்டு. அவற்றை அமைத்தவர் ஹிரோகோ ஒகுடா. கல்லூரியில் ஜமைக்க இசையான ரெக்கே பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டு 1980இல் வேலைக்குச் சேர்ந்த இளம்பெண். ‘ராக்’ தாளத்துக்கு அவர் போட்ட பாஸில் ரெக்கே ஊறியிருந்தது.

அந்த கீபோர்டுகளில் ஒன்று ஜமைக்காவில் நோயல் டேவியின் கைக்கு வந்தது. அவரும் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் அதை நோண்டிக்கொண்டிருந்தபோது ‘ராக்’ தாளம் சிக்கியது. தூக்கிக்கொண்டு கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதிக்கு, ஜாமியின் ஸ்டூடியோவுக்குப் போனார்கள்.

லாயிட் ஜேம்ஸ் என்ற ஜாமி, ரெக்கேயிலிருந்து பிறந்த டப் இசையின் பிதாமகர் கிங் டப்பியிடம் தொழில் படித்தவர். மின்கருவிகளைத் தன் கையாலேயே கட்டியவர். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விட்டுவைப்பது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கேசியோவில் அந்தத் தாளம் விறுவிறுவென ஓடும். ஜாமி அதை ஆடுகிறவர்களின் காலுக்கு ஏற்ற நடைக்கு இறக்கினார். பியானோவும் கைத்தட்டலும் சேர்த்தார். பாஸை அப்படியே விட்டார். டிரம் வாசிப்பவரும் இல்லை, பாஸ் கிட்டார்க்காரரும் இல்லை. ரெக்கேயின் உயிரே அந்த இருவர்தான் என்று நம்பிய ஊரில் இது பெரிய துணிச்சல்.

1985 பிப்ரவரி 23 அன்று, வால்தம் பார்க் சாலையில் பிளாக் ஸ்கார்பியோ குழுவோடு நடந்த சவுண்ட் சிஸ்டம் போட்டியில், அதாவது பெரிய ஒலிபெருக்கிகளோடு பாட்டுப் போடும் குழுக்களின் போட்டியில், ஜாமி அதை ஒலிக்கவிட்டார். வெய்ன் ஸ்மித் பாடிய அந்தப் பாட்டின் பெயர் ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’. ஒரே இசைக்குப் பலர் பாடுவது ஜமைக்காவில் பழைய வழக்கம். டெனர் சா, ஜானி ஆஸ்போர்ன் என்று தொடங்கி நூற்றுக்கணக்கான பாட்டுகள் இந்த ஒரு தாளத்தின் மேல் ஏறின. வாத்தியார் டப்பியே அதே ஆண்டில் ‘டெம்போ’ என்ற டிஜிட்டல் பாட்டோடு வந்தார்.

ஸ்டூடியோ வாத்தியக்காரர்கள் பலருக்கு இதனால் வேலை குறைந்தது, அது உண்மை. ஆனால் இயந்திரம் ரெக்கேயைக் கொன்றது என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. ஜாமியின் ஸ்டூடியோவிலேயே ஸ்டீலி, கிளீவி என்ற இருவர் அதே இயந்திரங்களை வைத்துப் டான்ஸ்ஹால் என்ற ரெக்கே வகையைப் புதிதாக வளர்த்தார்கள். கிளீவி அடிப்படையில் டிரம் கலைஞர்தான்.

இந்தப் பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் வெய்ன் ஸ்மித்தையும் ஜாமியையும் சொல்லும்போது, ஹிரோகோ ஒகுடாவின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.