ராணிகெட்டும் முட்டைக்குள்ளே ஒரு மருந்தும்

கோழி வளர்க்கிறவங்ககிட்ட 'வெள்ளைக்கழிச்சல்'னு சொல்லிப் பாருங்க, முகம் மாறிடும். வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவிக்கும் கோழி, வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், சிலதுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். பிழைத்தாலும் தோல்முட்டைதான் இடும். கால்நடை டாக்டர்கள் இதை ராணிகெட் என்பார்கள். வெளிநாட்டில் நியூகாசில் நோய். ரெண்டுமே ஊர்ப் பெயர்.

1926ல் ஜாவாவிலும், அதே வருஷம் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இது தலைகாட்டியது. அங்கே ஆராய்ந்த டாய்ல், அறிகுறியை வைத்துப் பெயர் சூட்டினால் வேறு நோயோடு குழம்பிடும்னு, தற்காலிகமாக ஊர்ப் பெயரை வைத்தார். அந்தத் 'தற்காலிகம்' இன்னும் ஓடிக்கிட்டிருக்கு :-) அடுத்த வருஷமே இமயமலைப் பக்கம் ராணிகெட்டில். அதைப் பதிவு செய்தவர் எட்வர்ட்ஸ்.

ராணிகெட் இருக்கும் அதே குமாவுன் மலையில்தான் முக்தேஸ்வரும் இருக்கு. 1889ல் பூனாவில் தொடங்கி 1893ல் மலையேறிய கால்நடை ஆராய்ச்சிக்கூடம் அங்கே. மாடுகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற வெக்கை நோய்தான் அவங்களுக்குப் பெரிய தலைவலி. அந்தக் கிருமியை ஆட்டுக்கு ஆடு மாற்றி மாற்றிச் செலுத்தி, மாட்டுக்கு அது சாதுவாகும்படி செய்தவரும் இதே எட்வர்ட்ஸ்தான். இதை மனசுல வச்சுக்குங்க.

கோழிக்கு என்ன செய்வது? 1931ல் அமெரிக்காவில் குட்பாஸ்ச்சர் குழு, கருவுள்ள முட்டைக்குள்ளேயே வைரஸை வளர்க்கலாம்னு காட்டியது. 1940ல் அய்யரும் டாப்சனும் நியூகாசில் வைரஸை முட்டைக்கு முட்டை மாற்றி வளர்த்து அதன் வீரியத்தைக் குறைத்துக் காட்டினார்கள். 1946ல் ஹாடோவும் இத்னானியும் முக்தேஸ்வர் வகைத் தடுப்பூசி பற்றி எழுதினார்கள். நம்ம ஊர் ஆர்2பி அதுதான். கோழியைக் கொல்லும் கிருமி, கோழி முட்டைக்குள்ளேயே பல்லைப் பறிகொடுத்தது!

ஆனா முழுசாப் பறிகொடுக்கலை. அங்கேதான் சிக்கல். குஞ்சுக்குப் போட்டால் குஞ்சு செத்துடும். முட்டையிடுகிற கோழிக்குப் போட்டால் முட்டை குறைஞ்சிடும். அதனால எட்டு வாரம் வாக்கில், முட்டைக்கு வருமுன், ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கைக்கடியில் ஊசி போடணும். பத்தாயிரம் கோழிக்கு இதைச் செய்வதை நினைச்சுப் பாருங்க.

அமெரிக்காக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். இயற்கையிலேயே சாதுவான வைரஸைத் தேடினார்கள். 1946ல் நியூஜெர்சியில் லசோட்டா என்பவர் பண்ணையில் கிடைத்தது அவர் பெயரிலேயே நிலைச்சிடுச்சு. ஹிட்ச்னரும் ஜான்சனும் 1948ல் பி1 வகையைக் கொடுத்தார்கள். இங்கிலாந்திலிருந்து எஃப் வகை, 1952ல். இவற்றைக் கண்ணில் சொட்டு விடலாம், குடிதண்ணியிலும் கலக்கலாம். ரெண்டு மணி நேரம் தண்ணி காட்டாமல் தாகமெடுக்க வச்சு, குளோரின் இல்லாத தண்ணியில் கொழுப்பெடுத்த பால்பவுடர் கலந்து வைப்பார்கள். நாமக்கல் மாதிரிப் பண்ணைகளில் முதல் வாரம் சொட்டு, பிறகு தண்ணி, அப்புறம் ஆர்2பி, முட்டைக்கு வருமுன் கொல்லப்பட்ட வைரஸ் ஊசின்னு போகும். பண்ணைக்குப் பண்ணை கொஞ்சம் மாறும். (சொட்டு விடுறவங்க கண்ணுல பட்டா கண் சிவந்து வலிக்கும். ஆய்வுக்கூடத்தில் ஒருத்தருக்கு இந்த வைரஸ் தொற்றியதை 1943லேயே பர்னெட் எழுதிட்டார்.)

இவ்வளவும் ஷெட் போட்டவர்களுக்கு. வீட்டுக் கொல்லையில் எட்டு கோழி வச்சிருக்கிற அம்மாவுக்கு? மருந்து குப்பியோ நூறு கோழிக்கு. ஐஸ்ல வச்சே கொண்டு வரணும், கரைச்சதும் ரெண்டு மணி நேரத்தில் தீர்க்கணும். மிச்சத்தை என்ன செய்ய? கோழியோ ராத்திரி மரத்துல அடையுது, தண்ணி சாக்கடையில குடிக்குது. அதனால பண்ணைக்கோழி தப்பிச்சது, நாட்டுக்கோழி செத்துக்கிட்டே இருந்தது. எனக்கு இந்த வரலாற்றிலேயே உறுத்துகிற இடம் இதுதான்.

இதற்கு வழி தேடியவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியாவின் ஸ்ப்ராட்புரோ. குயின்ஸ்லாந்தில் 1966ல் கிடைத்த வி4 வகை சூட்டைத் தாங்கியது. அடுத்து வந்த ஐ-2வின் மூலவித்து ஏழை நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு இலவசமாகவே போனது. மொசாம்பிக், தான்சானியா கிராமங்களில் சொட்டாக விடுகிறார்கள். நம்ம தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமோ குருணை வடிவில் வாய்வழி மருந்து செய்தது. கோழியைத் துரத்திப் பிடிக்க வேண்டாம், ஊசியும் வேண்டாம். காலையில் கூட்டைத் திறந்ததும் தீனி போடுகிற மாதிரி போட்டால் அதுவே கொத்தித் தின்னுடும்.