அவனை ஐந்து முறை கொன்ற கதை

ஒரு தொடர்கதை எழுதலாம் என்று உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகிறது. கதை பெரிசா ஒண்ணுமில்லை. ஆரணிப் பக்கம் ஒரே தறியில் வேலை செய்யும் இரண்டு ஆண்கள், அவர்களுக்குள் வரும் காதல். மொத்தம் பன்னிரண்டு அத்தியாயம் என்று கணக்கு. ஒன்பது வரைக்கும் ஜோராகப் போகும். பத்தாவது வந்தால் இரண்டு பேரில் சின்னவன் செத்துவிடுவான். ஒரு தடவை ஆற்றில் மூழ்கினான். ஒரு தடவை லாரி. ஒரு தடவை விஷக்காய்ச்சல். ஒரு தடவை தறிக்கூடத்தில் தீ. ஐந்தாவது தடவை எப்படிச் செத்தான் என்றுகூட எழுதவில்லை. பொழுது விடிந்தது, செத்திருந்தான்.

முதல் வரைவைப் படித்த வீட்டுக்காரம்மா கேட்டது: "ஏங்க, செய்யாத்துல தண்ணி இருந்தாத்தானே மூழ்கறதுக்கு? வருசத்துல பாதி நாளு மணல்தானே கிடக்குது?"

சிரித்துவிட்டேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் எதுக்கு இவனைக் கொன்றுகொண்டே இருக்கிறேன்? எனக்கு முன்னால் இந்த மாதிரிக் கதை எழுதியவர்கள் என்ன செய்தார்கள்? தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் என் கதை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் செய்யார். அத்தையைக் கட்டிக்கொடுத்தது ஆரணியில், பட்டு நெசவுக் குடும்பம். பள்ளிக்கூட லீவு விட்டால் பஸ் ஏறி அங்கே போய்விடுவேன். அத்தை தறியில் உட்கார்ந்திருப்பார், நான் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைச் சத்தமாகப் படிக்க வேண்டும். அதுதான் எனக்குச் சாப்பாட்டுக் கூலி. 'தொடரும்' என்று படித்தவுடன் அத்தை நாடாவை நிறுத்திவிட்டு, "அடப்பாவி, இங்க போயி நிறுத்திட்டானே" என்பார். தொடர்கதை என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு வரியில்தான்.

கோர்வைப் புடவை தெரியும் அல்லவா? உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதைக் கைத்தறியில் நெய்யும்போது தறியில் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் நெய்ய, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவைப் போட வேண்டும். ஒருத்தர் கை இன்னொருத்தர் கைக்குக் காத்திருக்க வேண்டும். பேசாமலேயே வேலை நடக்கும். என் கதையில் வரும் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பது அப்படி ஒரு தறியில்தான்.

ஆனால் கதைக்குக் காரணம் தறி இல்லை. 1996-ல் ஆரணி பஸ் ஸ்டாண்டில், என்னோடு படித்த ஒருவன் ஒரு விஷயம் சொன்னான். பொண்ணு பார்க்கப் போகிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பொண்ணுங்க மேலேயே ஆசை வரலைடா என்றான். நான் சிரித்தேன். சினிமாவில் அந்த மாதிரி ஆள் வந்தால் தியேட்டரே சிரிக்கும், அதே சிரிப்பு. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான், டீ குடித்தோம், பஸ் வந்தது. அந்த மாதமே ஊரை விட்டுப் போய்விட்டான். திருப்பூர் என்றார்கள், அப்புறம் அதுவும் இல்லை என்றார்கள். இதுவரை தகவல் இல்லை.

ஆக, கதையில் நான் ஐந்து தடவை கொன்றது யாரை என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

இந்தியாவில் இந்த விஷயத்தைப் பத்திரிகையில் எழுதி ஊரைக் கலக்கியவர் ஒரு இந்தி எழுத்தாளர். பாண்டேய பேச்சன் சர்மா, புனைபெயர் 'உக்ர'. கல்கத்தாவிலிருந்து வந்த 'மத்வாலா' என்ற இந்தி வாரப் பத்திரிகையில் 1924 மே மாதம் 'சாக்லேட்' என்று ஒரு கதை எழுதினார். ஆண்கள் ஆண்களை, அதிலும் இளம் பையன்களை, விரும்புவது பற்றியது. 'சாக்லேட்' என்பது அந்தப் பையன்களுக்கு அன்று இருந்த கொச்சைப் பெயர். கதை வந்ததும் ஒரே பரபரப்பு. உடனே அதே விஷயத்தில் மேலும் கதைகள் எழுதினார். 1927-ல் எட்டுக் கதைகள் புத்தகமாக வந்தன.

உக்ர இதை ஆதரித்து எழுதவில்லை. சமூகத்தில் இருக்கும் 'கெட்ட பழக்கத்தை' அம்பலப்படுத்துகிறேன் என்றுதான் எழுதினார். கதை சொல்பவன் பெரும்பாலும் பக்கத்தில் நின்று பார்க்கும் நண்பன், முகம் சுளித்துக்கொண்டே பார்ப்பான். காதலிப்பவனுக்கு அவமானமோ நோயோ சாவோ காத்திருக்கும். அப்படியிருந்தும் பெரும் எதிர்ப்பு. 'விஷால் பாரத்' ஆசிரியர் பனாரசிதாஸ் சதுர்வேதி இதை 'காஸ்லேட்டி' இலக்கியம் என்றார். காஸ்லேட் என்றால் மண்ணெண்ணெய், அவ்வளவு நாற்றமாம். விஷயம் காந்தி வரை போனது. அவர் புத்தகத்தைப் படித்துப் பார்த்து, எழுதியவரின் நோக்கம் சுத்தமானதுதான் என்று கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் வெளியே வந்தது 1951-ல்!

இதில் ஒரு வேடிக்கை. கண்டிக்கத்தான் எழுதினார், ஆனால் கதை நிஜமாக இருக்க வேண்டுமே? அதனால் காதலிப்பவனையும் பேசவிட வேண்டியிருந்தது. அவன் உருது கஜல் சொல்கிறான், கிருஷ்ணனைச் சொல்கிறான், ஷேக்ஸ்பியரைச் சொல்கிறான். நம்மைப் பற்றி முதல் தடவையாக அச்சில் வருகிறதே என்று அதைச் சந்தோஷமாகப் படித்தவர்களும் இருந்திருக்கிறார்கள். பாத்திரம் பேச ஆரம்பித்தால் ஆசிரியர் பேச்சைக் கேட்காது. ஆனால் முடிவு மட்டும் ஆசிரியர் கையில் இருந்தது. உக்ர அங்கே போய்க் கத்தியை எடுத்துவிடுகிறார்.

என்னை மாதிரியே!

உக்ரவுக்குப் பத்து வருடம் முன்பே இங்கிலாந்தில் ஒருவர் நேர் எதிராகச் செய்திருந்தார். நம் ஊர்க் கதை எழுதிய அதே இ.எம். ஃபார்ஸ்டர்தான். 1913-ல் எட்வர்ட் கார்ப்பெண்டர் என்பவரின் வீட்டுக்குப் போகிறார். இந்தக் கார்ப்பெண்டருக்கு நம்மோடு ஒரு தொடர்பு உண்டு. கேம்பிரிட்ஜில் பொன்னம்பலம் அருணாசலத்தின் நண்பர். 1890-ல் அவரைப் பார்க்க இலங்கைக்கு வந்து, ராமசாமி என்ற தமிழ் ஞானியிடம் உட்கார்ந்து பாடம் கேட்டவர். அவர் ஜார்ஜ் மெரில் என்ற தொழிலாளியோடு ஒரே வீட்டில், ஊரறிய, குடும்பமாக வாழ்ந்துகொண்டிருந்தார். அவர்களைப் பார்த்துவிட்டு வந்துதான் ஃபார்ஸ்டர் 'மாரிஸ்' நாவலை எழுதினார். 1914-ல் முடித்துவிட்டார். இரண்டு ஆண்கள் கடைசியில் சேர்ந்து வாழப் போகிறார்கள், அதுதான் முடிவு.

ஆனால் அச்சிடவில்லை. சோகமாக முடித்திருந்தால் வெளியிடுவதில் சிக்கல் இருந்திருக்காது, சந்தோஷமான முடிவுதான் பிரச்சினை என்று 1960-ல் எழுதிய பின்குறிப்பில் அவரே சொல்கிறார். அவர் இறந்தது 1970-ல். புத்தகம் வந்தது 1971-ல். ஒரு நல்ல முடிவு ஐம்பத்தேழு வருடம் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது.

ஃபார்ஸ்டர் எழுதியது தொடர் இல்லை, வாசகர் முன்னால் எழுதவும் இல்லை. தினம் தினம் வாசகர் முன்னால் இதைச் செய்து காட்டியவர் அமெரிக்காவின் ஆர்மிஸ்டெட் மாபின். ஒரு சேஃப்வே கடைக்குப் புதன்கிழமை ராத்திரி இளசுகள் ஜோடி தேடி வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதைப் பற்றிச் செய்திக் கட்டுரை எழுதப் போனார். அங்கே ஒருத்தரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. சரி என்று மேரி ஆன் என்று ஒரு பெண்ணைக் கற்பனையாக உண்டாக்கிக் கதையாக எழுதிவிட்டார். 1974-ல் அப்படித் தொடங்கியது, 1976 மே மாதம் சான்ஃபிரான்சிஸ்கோ க்ரானிக்கிள் நாளிதழில் 'டேல்ஸ் ஆஃப் தி சிட்டி' என்ற தொடரானது. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 800 வார்த்தை சுமார். கலிஃபோர்னியாவில் ஆண்கள் உறவு குற்றமில்லை என்ற சட்டம் நடைமுறைக்கு வந்ததே அந்த ஜனவரியில்தான்.

பத்திரிகைக்காரர்களுக்குப் பயம். ஆசிரியர் குழுவில் ஒருவர் ஒரு அட்டவணையே போட்டாராம். ஒரு பக்கம் 'சாதாரண' பாத்திரங்கள், இன்னொரு பக்கம் மற்றவர்கள். மற்றவர்கள் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மாபின் என்ன செய்தார் தெரியுமா? ஒரு பெண்மணியின் காலைக் கட்டிப்பிடிக்கும் நாய் ஒன்றைக் கதைக்குள் கொண்டுவந்து, இதைச் 'சாதாரண' பட்டியலில் சேருங்கள் என்றாராம் :-)

கதையில் வீட்டுக்காரம்மா ஒருவர், அன்னா மாட்ரிகல். எல்லோருக்கும் பிடித்த பாத்திரம். அவர் ஒரு திருநங்கை. அந்த ரகசியத்தை முதல் வருடம் முழுக்க வெளியிடக் கூடாது என்பது பத்திரிகை போட்ட நிபந்தனை. நிபந்தனை கதைக்கே நல்லதாகப் போயிற்று. ஒரு வருடம் காலை காப்பியோடு அவரோடு பழகிய வாசகர்கள், விஷயம் தெரிந்ததும் என்ன செய்ய முடியும்? ஏற்கெனவே பிடித்துப் போய்விட்டதே! தொடர்கதையின் பலம் இதுதான் என்று நினைக்கிறேன். வாதம் செய்வதற்கு முன்னாலேயே பழக்கம் செய்து வைத்துவிடுகிறது.

1977-ல் ஃபுளோரிடாவில் அனிதா பிரையன்ட் என்ற பாடகி இவர்களுக்கு எதிராக இயக்கம் நடத்தினார். அப்போது கதையில் மைக்கேல் என்ற இளைஞன் தன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி, தான் யார் என்று சொல்கிறான். அந்தத் தொடரை மாபினின் சொந்த அப்பா அம்மாவும் வட கரோலினாவில் படித்து வந்தார்கள். கதைக்குள் போட்ட கடிதம் அவருடைய வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் எய்ட்ஸ் வந்தது. 1983-ல் தொடரில் மைக்கேலின் பழைய காதலன், டாக்டர் ஜான், இறந்துபோயிருந்தான். காலை நேரத்தில் இதையெல்லாமா போடுவீர்கள் என்று கோபித்த வாசகர்கள் உண்டு. ஆனால் அந்தச் சாவு தண்டனை இல்லை. ஊரில் நிஜமாகவே செத்துக்கொண்டிருந்தார்கள், கதையிலும் ஒருவன் செத்தான். முடிவு தெரியாமல் ஆசிரியர் கொன்றது இல்லை அது. மைக்கேலுக்கும் எச்.ஐ.வி. வருகிறது. எல்லோரும் அவன் கதை முடிந்தது என்று நினைத்திருந்தபோது, 2007-ல் மாபின் ஒரு நாவல் போட்டார். தலைப்பை அப்படியே தமிழில் சொன்னால், மைக்கேல் டாலிவர் உயிரோடிருக்கிறான். ஐம்பது தாண்டி, தோட்டவேலை செய்துகொண்டு, துணையோடு இருக்கிறான்.

நம் தமிழில்? கரிச்சான் குஞ்சு 1978-லேயே 'பசித்த மானிடம்' எழுதினார். ஆண்களுக்கு இடையிலான உறவை அவர் ஒளிக்கவில்லை. ஆனால் அங்கே அது காதல் இல்லை, பசி. சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' 1990களில் ஆனந்த விகடனில் தொடராகவே வந்தது. சுயம்பு என்ற மாணவன் திருநங்கையாகும் கதை. வாராவாரம் பல வீடுகளுக்குள் அது போனது பெரிய விஷயம். ஆனால் இரண்டு ஆண்கள் காதலித்து, கடைசியில் சேர்ந்து உட்கார்ந்து சோறு தின்னும் தொடர்கதை ஒன்றை நான் அத்தைக்குப் படித்துக் காட்டியதே இல்லை.

இத்தனைக்கும் எங்கள் செய்யார் திருவோத்தூர்க் கோயிலில், சம்பந்தர் பாடியவுடன் ஆண் பனை காய்த்தது என்பது ஐதீகம். பனைமரத்துக்கு ஒத்துக்கொண்ட ஊர் சார் இது, மனுசனுக்கு ஒத்துக்கொள்ளாதா?

வெள்ளைக்காரன் 1860-ல் போட்ட 377-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று வெட்டியது. விருப்பத்தோடு சேரும் வயது வந்தவர்கள் இனி குற்றவாளிகள் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் தொடர்ச்சியாக, 2022-ல் தமிழ்நாடு அரசு இவர்களை மரியாதையாகக் குறிப்பிடும் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. திருமண உரிமை மட்டும் 2023-ல் கிடைக்கவில்லை. சொற்கள் வந்தது நல்லதுதான். ஆனால் என் தறிக்காரர்கள் இரண்டு பேரும் கதையில் எந்தச் சொல்லும் பயன்படுத்துவதில்லை. "சாப்ட்டியா?" என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த காதல் வசனம்.

போன மாதம் ஆரணிக்குப் போயிருந்தேன். அத்தைக்குக் கண் சரியில்லை, தறியில் இறங்கி வருடக்கணக்கில் ஆகிறது. பழைய மாதிரியே திண்ணையில் உட்கார்ந்து பத்து அத்தியாயமும் படித்தேன். இது லாரி வரைவு. அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஏன்டா, அந்தப் புள்ளைய ஏன் சாகடிச்ச?"

"கதைக்கு ஒரு முடிவு வேணும்ல அத்தை?"

"எதுத்தாப்புல ரெண்டு பேரு இருந்தாங்களே, மறந்துட்டியா? நீ சின்னப் பையனா இருக்கசொல்ல உனக்குப் பொரி வாங்கிக் குடுப்பாரே ஒருத்தரு. ஒரே தறி, ஒரே அடுப்பு. பெரியவருக்குக் கண்ணு மங்கினப்புறம் அறுந்த இழையெல்லாம் சின்னவருதான் முடிபோட்டுகினு இருந்தாரு. யாரு சாகடிச்சா அவங்கள? வயசாயித்தான் போனாங்க."

பொரி ஞாபகம் இருந்தது. ஆளை மறந்திருந்தேன். அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன என்று அத்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தத் தெருவும் கேட்டதில்லை போலிருக்கிறது.

ஃபார்ஸ்டர் கார்ப்பெண்டர் வீட்டில் பார்த்ததும் இதைத்தான். நல்ல முடிவு எழுதக் கற்பனை தேவைப்படவில்லை, எதிர்வீட்டைப் பார்த்தால் போதும். நான் சினிமாவைப் பார்த்துக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். அதனால்தான் 1996-ல் சிரித்தேன், அப்புறம் ஐந்து தடவை கொன்றேன்.

பத்தாவது அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன். இப்போது சின்னவன் ஊரை விட்டுப் போகிறான், பதினொன்றில் திரும்பி வருகிறான். பஸ் ஸ்டாண்டில் பெரியவன் நிற்கிறான். சிரிக்கவில்லை. சாப்ட்டியா என்று கேட்கிறான். பன்னிரண்டாவது இன்னும் எழுதவில்லை.

டிஸ்கி: என்னோடு படித்தவன் இதைப் படிக்க நேர்ந்தால், ஒரு டீ பாக்கி இருக்கிறது. இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன்.