மலேசியாவில் காப்புறுதி உரிமம்: ஆயுளும் பொதுவும் பிரிந்த வரலாறு

ஆசிரியர் ஓய்வறைக்கு வரும் காப்புறுதி முகவர் ஒருவரே ஆயுள் காப்புறுதியையும் வாகனக் காப்புறுதியையும் விற்பதுண்டு. வாங்குவோருக்கு இரண்டும் ஒரே தொழிலாகத் தோன்றும். சட்டத்தின் பார்வையில் அவை இரு வேறு வகைகள். இப்பிரிவு எதனால் ஏற்பட்டது என்பதை இக்கட்டுரை சுருக்கமாக நோக்குகிறது.

வாகனக் காப்புறுதி பெரும்பாலும் ஓராண்டுக்கானது. ஆண்டு முடிந்தால் அவ்வொப்பந்தமும் முடியும். ஆயுள் காப்புறுதியோ இருபது, முப்பது ஆண்டுகள் நீள்வது. அதன் தொடக்க ஆண்டுகளில் சேரும் சந்தாப் பணம் இலாபமன்று. பின்னாளில் கொடுக்கவேண்டிய கடன். இதனை மறந்த நிறுவனங்கள் விடுதலைக்குப் பிந்திய மலாயாவில் பல தோன்றின. முறையான கணிப்பின்றிச் சந்தாவை விதித்த அவற்றுள் சில நொடித்துப்போயின. வயிற்றைக் கட்டிச் சேமித்த எளிய மக்களே அந்த இழப்பைச் சுமக்க நேர்ந்தது. இதன் விளைவாக 1961இல் ஆயுள் காப்புறுதிக்கெனத் தனிச்சட்டமும், 1963இல் காப்புறுதித் துறை முழுமைக்குமான சட்டமும் இயற்றப்பட்டன.

1963ஆம் ஆண்டுச் சட்டம் இருவகைத் தொழிலையும் ஒரே நிறுவனம் நடத்த இடமளித்தது. ஆனால் ஒவ்வொரு வகைக்கும் தனி நிதியைப் பேணவேண்டும் என்றது. விபத்துக்குள்ளான வாகனத்தின் இழப்பீட்டை ஒரு விதவையின் பணத்திலிருந்து கொடுத்துவிடக் கூடாது என்பதே இவ்விதியின் உட்பொருள் எனலாம். எனினும் இது கணக்கேட்டளவில் எழுப்பிய சுவரே. 1984ஆம் ஆண்டுத் தக்காபுல் சட்டமும் குடும்பத் தக்காபுல், பொதுத் தக்காபுல் என இதே பிரிவினையைப் பின்பற்றியது. சமய நெறி வேறாயினும் பணத்தின் இயல்பு ஒன்றே என்பதால் இதில் வியப்பில்லை.

காப்புறுதித் துறையின் மேற்பார்வை 1988இல் நிதியமைச்சிடமிருந்து பேங்க் நெகாராவுக்கு மாறியது. 1996ஆம் ஆண்டின் புதிய சட்டமும் கூட்டு உரிமத்தை நீக்கவில்லை. 2013ஆம் ஆண்டு நிதிச்சேவைச் சட்டமே மறுகாப்புறுதியாளர் நீங்கலாக ஏனையோர் இரு தொழிலையும் ஒருசேர நடத்துவதைத் தடுத்தது. பிரிவதற்கு ஐந்தாண்டு அவகாசமும் தந்தது. இஸ்லாமிய நிதிச்சேவைச் சட்டம் தக்காபுல் நிறுவனங்களுக்கும் அவ்வாறே விதித்தது. கணக்கேட்டுச் சுவர் நிறுவனச் சுவராக உயர அரை நூற்றாண்டு ஆயிற்று.

உரிமையாளர் பல இடங்களில் மாறவில்லை. ஒரே குழுமத்தின்கீழ் இரு நிறுவனங்கள் அமைந்தன. முகவரும் இருவகைக்கும் தனித்தனியே பதிவு செய்துகொண்டு, அதே பையுடன் ஓய்வறைக்கு வருகிறார்.