பாக்கு விரிகுடா: ஆழம் குறைந்த கடலின் வரலாறு

தமிழ்நாட்டுக்கும் இலங்கையின் வடபகுதிக்கும் இடையே அமைந்த ஆழம் குறைந்த கடல் பாக்கு விரிகுடா ஆகும். வடக்கே பாக்கு நீரிணை இதை வங்காள விரிகுடாவுடன் இணைக்கிறது. தெற்கே பாம்பன் தீவும் இராமர் பாலம் எனப்படும் மணல்திட்டுகளும் இதை மன்னார் வளைகுடாவிலிருந்து பிரிக்கின்றன. 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த இராபர்ட் பாக் என்பவரின் பெயரால் இது வழங்குகிறது. பாக்குமரத்துக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. இராமேசுவரம் பகுதி மக்கள் அலை குறைந்த இக்கடலைப் 'பெண் கடல்' என்றும், அலை மிகுந்த மன்னார் வளைகுடாவை 'ஆண் கடல்' என்றும் அழைப்பர்.

இக்கடலின் பெரும்பகுதியில் ஆழம் 15 மீட்டருக்கும் குறைவு. கரையோரங்களில் சூரிய ஒளி கடல்தரை வரை எட்டுவதால் அங்கே கடற்புல் செழித்து வளர்கிறது. இறால், நண்டு, மீன்குஞ்சுகள் ஆகியவற்றுக்கு அதுவே வளர்ப்பிடம். ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்கு அதுவே உணவு. கடற்பசு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு கன்றை ஈனுவதால், குறைந்த எண்ணிக்கை எளிதில் மீள்வதில்லை.

ஆழமின்மை மனிதரின் கடற்பயணத்தையும் தீர்மானித்தது. பாய்த்தோணிகள் இரு கரைகளுக்கும் இடையே எளிதாகச் சென்றுவந்தன. பெருங்கப்பல்களோ இன்றும் இலங்கையைச் சுற்றியே செல்கின்றன. கடலை ஆழப்படுத்த 2005இல் தொடங்கப்பட்ட சேதுசமுத்திரத் திட்டம் பாதியில் நின்றது. 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் சேவை, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு முடிவுற்றது.

அதே காலத்தில் பெருகத் தொடங்கிய விசைப்படகுகளின் இழுவலைகள் பெரும் மாற்றத்தை உண்டாக்கின. ஆழ்கடலில் தரை எட்டாத் தொலைவில் இருக்கும். இங்கோ வலை தரையையே வாரிச் செல்கிறது. இறாலோடு கடற்புல்லும் குஞ்சுகளும் வலையில் சேர்கின்றன. நாட்டுப்படகு மீனவர்களுக்காகத் தமிழ்நாட்டுச் சட்டம் கரையிலிருந்து 3 கடல்மைல் வரை விசைப்படகுகளைத் தடைசெய்துள்ளது.

1974 ஒப்பந்தம் இக்கடலில் எல்லை வகுத்தது. 2009இல் இலங்கையில் போர் முடிந்து வடபகுதி மீனவர் கடலுக்குத் திரும்பியபின், பூசல் இரு கரைத் தமிழருக்கு இடையேயும் எழுந்தது. இலங்கை 2017இல் இழுவலைமுறையைச் சட்டத்தால் தடைசெய்தது.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. மீன்பிடிப்பும் அங்கே தொடர்கிறது. வலையில் சிக்கிய கடற்பசுவைக் காக்க மீனவர் தம் வலையையே அறுக்க வேண்டியிருக்கும். அவ்வாறு விடுவிப்போருக்கு வனத்துறை பரிசு வழங்குகிறது. காப்பகத்தின் வெற்றி அந்த மீனவர்களின் கையில்தான் உள்ளது.