திருவருகை: சொல் வந்த வழி

திருவருகைக் காலம் என்றதும் நாம் குடிலையும் விண்மீனையும் கேக்கையும் எண்ணத் தொடங்கிவிடுகிறோம். அச்சொல்லின் வேரோ வேறு திசையைக் காட்டுகிறது.

'அத்வெந்துஸ்' என்பதே இலத்தீன் மூலச்சொல். 'அத்' என்றால் நோக்கி. 'வெனிரே' என்றால் வருதல். நம் பெரியவர்கள் இதை ஆகமன காலம் என்பார்கள்.

உரோமையருக்கு இது அரசவைச் சொல். பேரரசர் வருகிறார் என்றால் மக்கள் நகருக்கு வெளியே சென்று, அவரை எதிர்கொண்டு அழைத்து வருவர். பேரரசர் ஆதிரியான் (கி.பி. 117-138) மாநிலங்களுக்கு வருகை தந்ததன் நினைவாக இச்சொல் பொறித்த நாணயங்கள் வெளியாயின. யூதேயாவுக்கும் ஒன்று உண்டு!

இந்தச் சொல்லைத்தான் திருச்சபை தன் ஆண்டவருக்கு உரியதாக்கியது. 'பரூசியா' என்ற கிரேக்கச் சொல்லை வுல்காத்தா இலத்தீன் விவிலியம் 'அத்வெந்துஸ்' என்றே தருகிறது (மத் 24:3, 1 தெச 4:15). அங்கே பேசப்படுவது பெத்லகேம் பிறப்பு அன்று. ஆண்டவர் மாட்சியோடு மீண்டும் வருவது. அவரை எதிர்கொள்ளச் செல்வதைப் பற்றியே பவுலும் அடுத்து எழுதுகிறார் (1 தெச 4:17). எனவே காத்திருத்தல் என்பது சும்மா உட்கார்ந்திருப்பதல்ல, எழுந்து வெளியே போவது.

முதல் ஞாயிறன்று குழந்தை இயேசுவைப் பற்றிய நற்செய்தியை எதிர்பார்த்து வருவோருக்கு, விழித்திருக்கச் சொல்லும் வாசகம் சற்று வியப்பளிக்கலாம். டிசம்பர் 16 வரை திருவழிபாடு இரண்டாம் வருகையையே முன்வைக்கிறது. 17ஆம் நாள் முதல்தான் அதன் பார்வை பெத்லகேமை நோக்கித் திரும்புகிறது.