பாலத்தைப் பெயர்த்த நீர்

எழுவைதீவுக்குப் பாலம் இல்லை. ஊர்காவற்றுறையிற் படகேறியே அத்தீவினர் தம் ஊரை அடைகின்றனர். கடல் கொந்தளிக்கும் நாளிற் பாலமொன்று இருந்தால் நலமென்று தோன்றுவது இயல்பே. ஆயினும் பாலமும் எந்நாளும் வழிவிடுவதன்று.

நியூசீலாந்தில் ருவாப்பேகு என்னும் எரிமலையின் உச்சியில் ஒரு வாவி உண்டு. 1953ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆந் திகதி இரவு அவ்வாவியின் சாம்பற்கரை உடைந்தது. நீரும் பனிக்கட்டியும் மண்ணும் பாறையும் ஒன்றாகக் கலந்து, ஆற்று வழியே சேற்றுப் பெருக்காகப் பாய்ந்தன. குழைத்த சாந்து போன்ற கனமுடைய அப்பெருக்கு, தங்கிவாய் என்னுமிடத்திலிருந்த புகையிரதப் பாலத்தின் தூணைச் சாய்த்தது. சில நிமிடங்களில் ஒக்லாந்து நோக்கிச் சென்ற புகையிரதம் அங்கே வந்தது. சிரில் எலிஸ் என்னும் அஞ்சல் எழுத்தர் கைவிளக்கை அசைத்தவாறு தண்டவாளத்தருகே ஓடினார். சாரதி தடையை இட்டும் வண்டி நிற்கவில்லை. பயணஞ் செய்த 285 பேரில் 151 பேர் மாண்டனர். மயோரி மொழியில் ‘தங்கிவாய்’ என்பதற்கு அழும் நீர் என்பது பொருள்.

நம் கடலில் எரிமலை இல்லை, புயல் உண்டு. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆந் திகதி இலங்கையின் வடபகுதியைத் தாக்கிய புயல், பாக்கு நீரிணையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்தது. தனுஷ்கோடிக்கு அருகில் ஒரு புகையிரதத்தைக் கடல் கொண்டது. அது பாம்பன் பாலத்திலிருந்து வீழ்ந்ததென்று பலர் கூறுவது தவறு. 1914இல் திறக்கப்பட்ட அப்பாலம் அடைந்த சேதம் வேறு: 145 உத்தரங்களுள் 126 பெயர்ந்து கடலில் வீழ்ந்தன. தூண்களுட் பெரும்பாலானவை நின்றன. கப்பலுக்காகத் திறக்கும் நடுப்பகுதியும் தப்பியது.

இவ்வேறுபாடே பொறியியலாளர் கருதத்தக்கது. சேற்றுப் பெருக்கு அடியைத் தாக்குகிறது. தூணைச் சுற்றிய மண்ணை அரிக்கிறது. பாறைகளை அதன்மேல் மோதுகிறது. ஆதலின் ஆழமான அத்திவாரமும், ஓட்டத்துள் குறைந்த தூண்களும், உயர்ந்த தளமும் வேண்டும். கடலலையோ தளத்தை அடியிலிருந்து தூக்குகிறது. அங்கே உத்தரத்தைத் தூணோடு பிணைப்பதே முதன்மை. எது முறிந்தது என்று ஆராயாமற் சீமெந்தை மட்டும் மிகுதியாக இடுவது வீண்செலவு.

பாம்பனில் தூண்கள் நின்றமையால் வேலை விரைந்தது. ஈ. ஸ்ரீதரனின் மேற்பார்வையில், கடலிலிருந்து மீட்ட உத்தரங்களையும் பயன்படுத்தி, 46 நாள்களிற் பாலம் சீராக்கப்பட்டது. இராமேசுவரத்துக்குத் தெருப்பாலம் 1988இலேதான் வந்தது; அதுவரை அத்தீவின் தரைவழி இப்புகையிரதப் பாலம் ஒன்றே.

எனினும் வலிமை மட்டும் போதவில்லை. காற்று மணிக்கு 58 கிலோமீற்றரை மிஞ்சினால் வண்டியை நிறுத்தும் காற்றுமானி பாம்பனில் வைக்கப்பட்டது. ருவாப்பேகுவிலும் எச்சரிக்கைக் கருவிகள் அமைக்கப்பட்டன. 2007ஆம் ஆண்டு மார்ச் 18ஆந் திகதி வாவியின் கரை மீண்டும் உடைந்தபோது, பெருக்கு தங்கிவாயை எட்டுமுன்னரே தெருவும் புகையிரதப் பாதையும் மூடப்பட்டன. ஓருயிரும் போகவில்லை.

பாம்பனிற் புதிய பாலம் 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆந் திகதி திறக்கப்பட்டது. எழுவைதீவுப் படகோட்டிகள் இன்றும் காற்றைப் பார்த்தே கயிற்றை அவிழ்க்கின்றனர்.